1663 வேதாகமத்தில் 'எங்கள் பிதாவே' சரியாக வந்தது எப்படி?

கரையோரம்:
ஆங்கிலேய மிஷனரி ஜான் எலியட், மாசசூசெட்ஸ் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் மொழியில் கொண்டுவந்த வேதாகமத்தைப் பற்றிப் படிக்கிறேன். 1663-இல் மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜில் அச்சானது. இன்றைய அமெரிக்க மண்ணில் முதன்முதலில் அச்சான முழு வேதாகமம் ஆங்கிலத்தில் இல்லை, இதுதான். அதில் பரமண்டல ஜெபம் 'நூஷன்' என்று தொடங்குகிறது. அந்த மொழியிலும் நம்மைப் போலவே நாம், நாங்கள் இரண்டும் உண்டு. சொல்லின் முன்னால் ந வந்தால் எங்கள், க வந்தால் நம். அப்படியென்றால் நூஷன் அச்சு அசலாக 'எங்கள் பிதா'! ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாடு எலியட்டுக்கு எப்படிப் பிடிபட்டது?

பனையோலை:
அவர் தனியாளாகச் செய்யவில்லை, அதுதான் பதில். ஆங்கிலக் குடியேறிகள் பீக்வாட் பூர்வகுடிகளோடு நடத்திய போரில் பிடிபட்ட காக்கனோ என்ற இளைஞர்தான் அவருக்கு முதலில் மொழி சொல்லிக்கொடுத்தார். அப்புறம் மொழிபெயர்ப்பில் ஜாப் நெசுட்டன், அச்சுக் கோப்பதில் நிப்மக் என்ற பூர்வகுடி இனத்தவரான ஜேம்ஸ் பிரிண்டர். தாய்மொழிக்காரர் காதில் விழுந்தால் பிழை உடனே தெரிந்துவிடும். நாமே கடவுளைப் பார்த்து 'நம் பிதாவே' என்று சொல்லிப் பார்த்தால் கடவுளுக்கும் ஒரு அப்பா இருப்பதுபோல் ஆகிவிடுகிறதே. மாற்கு 4:38-இல் படகில் சீஷர்கள் கதறுவதைப் பாருங்கள்: சாகப்போவது நாமா, நாங்களா, அதாவது இயேசுவையும் சேர்த்தா? கிரேக்கம் பேசாமல் விட்டுவிடுகிறது. தமிழ் வேதாகமம் 'நாங்கள்' என்று போட்டிருக்கிறது. இதை எந்த அகராதியும் சொல்லித் தராது.

செம்மண்:
மொழி அழகு சரி, ஆனால் அந்தப் புத்தகத்தின் விலையையும் சொல்லுங்கள். மதம் மாறியவர்களைத் தனி ஊர்களில் குடியேற்றி, வாழ்க்கை முறையையே ஆங்கிலேயர் போல மாற்றச் சொன்னார்கள். 1675-இல் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் மூண்டதும் அதே பூர்வகுடிக் கிறிஸ்தவர்களை பாஸ்டன் துறைமுகத்தில் உள்ள மான் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். குளிரிலும் பசியிலும் பலர் செத்தார்கள். ஜெபத்தை அவர்கள் மொழியில் கொடுத்துவிட்டு அவர்களை நம்பாமல் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

பனையோலை:
மறக்கவும் கூடாது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பேசுவோரே இல்லாமல் நூறு வருடத்துக்கு மேல் கிடந்த அந்த மொழியை 1993-இல் மாஷ்பீ என்ற ஊரைச் சேர்ந்த வாம்பனோவாக் பெண் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் மீட்கத் தொடங்கினார். கைக்குக் கிடைத்த பெரிய மூலம் இந்த வேதாகமம்தான், கூடவே அவருடைய முன்னோர் தங்கள் கைப்பட எழுதிய உயில்களும் நிலப் பத்திரங்களும். அவருடைய மகள் அந்த மொழியைக் கேட்டுப் பேசி வளர்ந்தாள்.

கரையோரம்:
நெசுட்டனும் பிரிண்டரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ந-வும் க-வும் அந்தப் பிள்ளையின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. நன்றி, இன்று அந்த ஜெபத்தை மறுபடி மெதுவாகப் படித்தேன்.