‘கியூம்’ என்பதற்குத் ‘தலைக்கணக்கு’: ஒரு முன்மொழிவும் மறுப்பும்

பாம்பனிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் குழுவின் வானொலி நேயர் அளவீட்டுச் சொற்பட்டியலில், ஒரு நிலையத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கேட்ட வெவ்வேறு ஆள்களின் எண்ணிக்கையான ‘கியூம்’ (cume) என்பதற்கு நேராக ‘ஒட்டுமொத்த நேயர்’, ‘திரள் நேயர்’ என்ற இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காதுக்கு அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கணக்கைத் தப்பாகப் போட வைக்கும். நானே அப்படிப் போட்டுத் தலைகுனிந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய பண்பலை நிலையத்துக்காக எங்கள் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். ஒரே வீடுகளுக்கு ஏழு நாளும் போய், ‘நேற்று இந்த நிலையத்தைக் கேட்டவர்கள் யார் யார்?’ என்று விசாரித்துக் கோடு போட்டுக்கொண்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு நாள் கோடுகளையும் கூட்டி, மேலே ‘வாரத்தின் ஒட்டுமொத்த நேயர்’ என்று எழுதினேன். தாளை வாங்கிப் பார்த்த கடற்கரைப் பெரியவர் ஒருவர், “எங்கள் தெருவில் கைக்குழந்தையைச் சேர்த்தாலும் இத்தனை பேர் கிடையாதே, தாயி?” என்று கேட்டார். திங்கட்கிழமை கேட்டவரே செவ்வாயும் கேட்டிருக்கிறார், புதனும் கேட்டிருக்கிறார். ஒருவரையே ஏழு பேராக்கியிருக்கிறேன். எனக்குக் கணக்கு வராது என்பதில்லை. மேலே எழுதிய சொல் ‘கூட்டு’ என்றது, கூட்டிவிட்டேன். ‘ஒட்டுமொத்தம்’ என்றாலும் ‘திரள்’ என்றாலும் தமிழ்க் கை கூட்டத்தான் போகும்.

இராமேசுவரம் கோயிலுக்கு வருகிறவர்கள் உள்ளே 22 தீர்த்தங்களில் நீராடுகிறார்கள். ஒவ்வொரு தீர்த்தத்தின் அருகிலும் ஓர் ஆளை நிறுத்தி எண்ணச் சொன்னால் ஒரே யாத்திரிகர் 22 பேராகிவிடுவார். வாசலில் நின்று, ஈரத்துணியோடு வெளியே வருகிற தலைகளை எண்ணினால் அவர் ஒருவர்தான். கியூம் என்பது இந்த வாசல் கணக்கு. குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், ஏதாவது ஒரு கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடமாவது அந்த நிலையத்தைக் கேட்ட வெவ்வேறு ஆள்களின் எண்ணிக்கை. அமெரிக்காவில் வானொலி நேயர்களை அளந்த ஆர்பிட்ரான் நிறுவனம், கேட்டதை நேயர்களே எழுதிவைக்க நாட்குறிப்பேடு கொடுத்து அளந்த காலத்தில் வழக்கத்துக்கு வந்த அளவு இது. வாரம் முழுவதும் கேட்டவரும் ஒன்று. ஐந்தே நிமிடம் கேட்டவரும் ஒன்று.

அதனால்தான் ‘தலைக்கணக்கு’ என்கிறேன். ஒரு தலையை இரண்டு முறை எண்ண யாருக்கும் மனம் வராது.

இதனோடு இணைபிரியாத இன்னொரு அளவு இருக்கிறது. சராசரியாக ஒரு கால் மணி நேரத்தில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அது. பட்டியலில் ‘சராசரி கால் மணி நேர நேயர்கள்’ என்று நீட்டி எழுதியிருக்கிறார்கள். பதினைந்து நிமிடத்துக்குக் ‘கால்’ என்ற சொல்லைக் கையிலேயே வைத்திருக்கும் மொழியில் இத்தனை நீளம் தேவையில்லை. ‘கால்மணிச் சராசரி’ போதும். நேயர் ஒருவர் எவ்வளவு நேரம் கேட்கிறார் என்பதற்குத் ‘தங்குநேரம்’ என்று வைக்கலாம். கரை திரும்பாமல் நாள்கணக்கில் கடலில் இருந்து பிடிப்பதைத் தங்குகடல் மீன்பிடிப்பு என்று சொல்லும் கடற்கரை இது. இந்தச் சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிராது.

மூன்றும் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் 1,000 பேர். காலை 6 மணி முதல் 10 மணி வரை, ஏழு நாளும் சேர்த்து 112 கால்மணிகள். அந்த வாரத்தில் ஒரு முறையாவது நிலையத்தைக் கேட்டவர்கள் 200 பேர், அது தலைக்கணக்கு. அவர்கள் எல்லோரும் கேட்ட கால்மணிகளைச் சேர்த்தால் 2,240. அதை 112ஆல் வகுத்தால் 20. அது கால்மணிச் சராசரி. அதே 2,240ஐ 200 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 11.2 கால்மணி, அதாவது வாரத்துக்கு 2 மணி 48 நிமிடம், அது தங்குநேரம். ‘ரேட்டிங்’ என்பதற்கு ‘வீதம்’ சரி: ஊரில் உள்ள 1,000 பேரில் 20, ஆக 2 விழுக்காடு. ‘ஷேர்’ என்பதற்குப் ‘பங்கு’ சரி: அந்த நேரத்தில் ஏதோ ஒரு வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் 50 பேர் என்றால் அதில் 20, ஆக 40 விழுக்காடு. பிடித்து வந்த மீனுக்குப் பங்கு பிரிக்கிறவர்களிடம் பங்கைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: இந்தக் கரையில் பங்குக் கணக்கின் அடியில் இருக்கும் அந்த 50 பேரில் இலங்கைத் தமிழ் நிலையங்களைக் கேட்பவர்களையும் சேர்த்தாக வேண்டும். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கடல்மேல் காற்றடுக்கு ஒத்துவரும் நாள்களில் வானொலி அலைகள் அதைவிட வெகுதூரம் தாண்டி வரும். அவர்களை விட்டுவிட்டுப் பங்கு எழுதுவது பொய்க்கணக்கு.

சொல் பிசகினால் பாட்டுப் பட்டியலே பிசகும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கால்மணிச் சராசரியை உயர்த்த இரண்டே வழிகள்தான் உண்டு. புதுத் தலைகளைக் கொண்டுவரலாம். இருக்கிற தலைகளைக் கூடுதல் நேரம் தங்கவைக்கலாம். சில பாட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் முறையை 1950களில் ஒமாகா நகரில் வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் டாட் ஸ்டோர்ஸ். எப்போது திருப்பினாலும் பிடித்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே தலைகள் சேரும். ஆனால் பட்டியலில் 30 பாட்டு, மணிக்கு 12 பாட்டு என்றால் இரண்டரை மணி நேரத்தில் பட்டியல் தீர்ந்துவிடும். ரயிலடியிலிருந்து கோயிலுக்கு ஆட்டோவில் போகும் யாத்திரிகர் மூன்று பாட்டுக் கேட்டுவிட்டு இறங்கிவிடுவார், அவருக்குக் குறையில்லை. வலை பொத்துகிறவர் காலையிலிருந்து ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை கேட்டாக வேண்டும். மறுநாளும் அதே பாட்டுகள். அவர் எழுந்துபோய் நிலையத்தை மாற்றிவிடுகிறார்.

நான் கணக்கெடுத்த இடத்தில் இதுதான் நடந்தது. நான் கூட்டிக் காட்டிய பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு, ‘புதுப்பாட்டு எடுபடுகிறது, பட்டியலை இன்னும் சுருக்குங்கள்’ என்று முடிவு செய்தார்கள். வலைக்கொட்டகையில் காலை நேரத்துப் பழைய பாட்டு நின்றது. பிறகு அந்தப் பக்கம் போனபோது கொட்டகையில் கடலுக்கு அப்பாலிருந்து வரும் நிலையம்தான் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கணக்கையும் தங்குநேரத்தையும் பிரித்துப் பார்த்திருந்தால், நிலையத்தின் கால்மணிகளில் பெரும்பகுதியைத் தந்துகொண்டிருந்தவர்கள் அந்தக் கொட்டகைக்காரர்கள்தான் என்பது தெரிந்திருக்கும். அந்தத் தவற்றுக்கு என் தாளும் காரணம். அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

பெருநகரங்களில் அளந்ததை இங்கே அப்படியே பொருத்தவும் முடியாது. நேயர் அளவீட்டு நிறுவனமான டாம் (TAM) 2007இல் தொடங்கிய வானொலி நேயர் அளவீடு நாட்குறிப்பேட்டை வைத்துத் தில்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நகரங்களை அளந்தது. சென்னைகூட அதில் இல்லை. அமெரிக்காவில் அதே காலத்தில், ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காமல் பொதிந்த குறியைத் தானே பிடித்துக்கொள்ளும் சிறு கருவியை நேயர்களின் இடுப்பில் மாட்டிவிட்டார்கள். நினைவிலிருந்து எழுதியதற்கும் கருவி பிடித்ததற்கும் பெரிய வேறுபாடு இருந்தது: தலைக்கணக்கு ஏறியது, தங்குநேரம் இறங்கியது. கடைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் காதில் விழுந்த நிலையத்தை யார் ஏட்டில் எழுதப்போகிறார்கள்?

நம் கரையில் கருவியும் இல்லை, ஏடும் இல்லை. இங்கே கணக்கைப் புரட்டிப் போடுவது கடல்நாள். இராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களில் கடலுக்குப் போகின்றன. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடைக்காலத்தில் கணக்கெடுத்தால் கரையில் வலை பொத்துவோரும் படகு பழுது பார்ப்போரும் நிறைந்திருப்பார்கள். தங்குநேரம் வானத்துக்கு ஏறும். அதை ஆண்டு முழுவதற்கும் பொருத்தினால் மறுபடியும் பொய்க்கணக்குதான்.

சொல்லை நீட்டியும் பார்த்தேன், வளைகிறது: வாரத் தலைக்கணக்கு, காலைத் தலைக்கணக்கு, ஒரே நிலையத்தை மட்டும் கேட்பவர்களுக்குத் தனித் தலைக்கணக்கு, மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் தலைவீதம். உங்கள் மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

இராமநாதபுரத்திலிருந்து:

அன்புள்ள மகளுக்கு,

மறுப்பைக் கேட்டிருக்கிறாய், எழுதுகிறேன். கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் ‘கூட்ட வைக்கும் சொல் வேண்டாம்’ என்ற வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ‘கால்மணிச் சராசரி’க்கும் ‘தங்குநேர’த்துக்கும் என் வாக்கு உண்டு.

‘தலை’தான் எனக்கு இடறுகிறது. நம் ஊர்களில் கோயில் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். தலைக்கட்டு என்றால் குடும்பம். அந்தக் கணக்கில் வீட்டுப் பெண்களும் வயதுவந்த பிள்ளைகளும் ஆண் ஒருவனுக்குள் மறைந்துபோகிறார்கள். ‘தலைக்கணக்கு எடுத்து வா’ என்று ஒரு தொண்டரை அனுப்பினால், அவர் குடும்பத் தலைவரை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினால் என்ன செய்வாய்? வானொலியை நாளெல்லாம் கேட்பவர் அடுப்படியில் இருப்பார்.

இரண்டாவது, ‘தலைவீதம்’ என்பதை ஆளுக்கு இவ்வளவு என்ற பொருளில் பொருளாதாரத்தில் ஏற்கெனவே ஆள்கிறார்கள். அது வேண்டாம். ‘மக்கள்தொகை’ என்பதில் ஒருவரை ஒரு முறைதான் எண்ணுகிறோம். அதே அச்சில் ‘நேயர்த்தொகை’ என்றால் என்ன?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு வெகுவாகக் குறைந்தது. இந்தக் கரையில் ஊசியைத் திருப்பினால் இலங்கை வானொலி பக்கத்து வீடு மாதிரி கேட்கும். 1957 அக்டோபர் 3இல் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித்பாரதி வந்ததே, போன நேயர்களைத் திரும்ப அழைக்கத்தான். எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரிந்து அன்று யாரும் தலையை எண்ணவில்லை. நேயர் விருப்பத்துக்கு வந்த அஞ்சலட்டைகளைத்தான் எண்ணினார்கள். அட்டை எழுதுகிறவர் ஒருவரே பத்து எழுதுவார். உன் வலைக்கொட்டகைக்காரர்கள் செய்ததை எங்கள் தலைமுறை முன்பே செய்துவிட்டது.

பாம்பனிலிருந்து:

ஐயா, வணக்கம். தலைக்கட்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. பெண்கள் விடுபட்டால் இந்தச் சொல்லை நானே கிழித்துப்போடுவேன்.

கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் சிலரிடமும் கணக்கெடுப்புத் தொண்டர்கள் இருவரிடமும் சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். ‘நேயர்த்தொகை’ என்றதும் தொண்டர்களில் ஒருவர், “நேயர்கள் எவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும்?” என்று கேட்டார். தொகை என்றால் காசு என்றுதான் முதலில் படுகிறது. ‘ஆள்கணக்கு’ என்றும் கேட்டுப் பார்த்தேன். அது இன்னும் மோசம். மூன்று நாள் வேலைக்கு வந்த ஒருவரை மூன்று ஆள் என்று எழுதிக் கூலி போடுகிற வழக்கம் இருக்கிறது. பழையபடி கூட்டலில் போய் விழுவோம்.

‘தலைக்கணக்கு’ என்றபோது பாசிக்காரப் பெண் ஒருவர் உடனே, “தலைக்கு இவ்வளவு என்று பிரிப்போமே, அதுவா?” என்றார். வண்டி வாடகையை அவர்கள் அப்படித்தான் பிரித்துக்கொள்கிறார்கள். அங்கே அவரும் ஒரு தலை, அவர் மகளும் ஒரு தலை. தலைக்கட்டில் மறைகிற பெண் ‘தலைக்கு’ என்னும்போது வெளியே வந்துவிடுகிறார். அதனால் சொல்லை வைத்துக்கொள்ள விரும்புகிறேன். தலைவீதத்தை விட்டுவிடுகிறேன், ‘தலைக்கணக்கு விழுக்காடு’ என்று எழுதலாம். பட்டியலில் விளக்கம் இப்படி இருக்கட்டும்:

தலைக்கணக்கு: குறித்த காலத்துக்குள் ஒரு நிலையத்தை ஒரு கால்மணிக்குள் ஐந்து நிமிடமாவது கேட்ட வெவ்வேறு ஆள்களின் எண்ணிக்கை. ஒருவரை ஒரு முறையே எண்ண வேண்டும். ஒரு நாளின் தலைக்கணக்கை இன்னொரு நாளின் தலைக்கணக்கோடு கூட்டக் கூடாது. வீட்டை எண்ணாமல் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் எண்ண வேண்டும்.

கடைசி வரி உங்களுடையது, ஐயா. கணக்கெடுப்புப் படிவத்தையும் மாற்றிவிட்டேன். ‘குடும்பத் தலைவர் பெயர்’ என்றிருந்த முதல் கட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை போட்டிருக்கிறேன். அடுப்படியில் இருப்பவரிடமிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன். படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஜூன் கடைசி வாரத்தில் முதல் தெருவுக்குப் போகிறோம்.