பேர்ச் மரத்து நீர் ஏன் கள்ளாகவில்லை?

வடலி:
வணக்கம். நான் இருப்பது நோர்வேயில், ஒஸ்லோவுக்கு வெளியே. வளவில் மூன்று பேர்ச் (birch) மரங்கள், வெள்ளைப் பட்டை மரங்கள், நிற்கின்றன. ஏப்ரல் நடுவில், பனி கரைகிற நேரம், பெரிய மரத்தில் இடுப்பளவு உயரத்தில் 10 மில்லிமீற்றர் துளை போட்டுக் குழாய் செருகினேன். துளையிட்ட கையோடு சொட்டத் தொடங்கியது. விடியப் பார்த்தால் 5 லீற்றர். கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவு, நாக்கில் கொஞ்சம் இனிப்பு.

அப்பா யாழ்ப்பாணத்தில் பனைமரம் சீவியவர். பாளைக்கத்தியும் தளைநாரும் எங்கள் தாழ்வாரத்தில் தொங்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பநீர் (பதநீர்), பூசாவிட்டால் இறக்கும்போதே நுரைத்த கள். வேறு ஒன்றும் போட மாட்டார். அந்த நினைப்பில் இதையும் சட்டியில் ஊற்றி, துணியால் மூடி, குசினியில் வைத்தேன். நான்கு நாளாகியும் நுரை இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி, புளிச்ச மணம் வந்தது. கொண்டுபோய் மரத்தடியிலேயே ஊற்றிவிட்டேன். மனதுக்குச் சரியான கஷ்டமாக இருந்தது. எங்கே பிழை விட்டேன்?

வேரடி:
தம்பி, உங்கள் கையில் பிழை இல்லை. அது வேறு நீர். பனையில், இலை செய்த சீனி பாளைக்குப் போகிற வழியில் நாம் மறிக்கிறோம். அதனால் 100 கிராமில் 10 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். பேர்ச்சில் இலை வருமுன்னே வேர் மேலே தள்ளுகிற தண்ணீரை மறிக்கிறோம். அதில் சீனி ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஒரு லீற்றரில் 17 கிராம் சீனி நொதித்தால் 1 சதவீத மதுசாரம் வரும். அப்படியென்றால் உங்கள் சட்டியில் முழுக்க நொதித்திருந்தாலும் அரைச் சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். ஊர் வெயிலும் அங்கே இல்லை. ஈஸ்ட் எழும்புமுன் பாக்டீரியா முந்திவிட்டது.

பின்லாந்துக்காரன்:
நான் ஆறு வருடமாகப் பேர்ச் நீரில் வைன் போடுகிறேன், என் அளவைச் சொல்கிறேன். 4.5 லீற்றர் நீரை அன்றைக்கே 20 நிமிடம் கொதிக்க வைத்து, 1 கிலோ சீனியைக் கரையுங்கள். நன்றாக ஆறிய பிறகு இரண்டு தேசிக்காய்ச் சாறு, நறுக்கிய முந்திரிகை வற்றல் (உலர் திராட்சை) 200 கிராம், ஒரு பக்கெற் வைன் ஈஸ்ட், ஈஸ்டுக்கான சத்துத்தூள் கொஞ்சம். பாண் ஈஸ்ட் போடாதீர்கள், அதன் மணம் போகவே போகாது. நான்கு நாள் மூடிய வாளியில் வைத்து, வடித்து, காற்றுப்பூட்டுள்ள (வாயு வெளியேறும், காற்று உள்ளே போகாத மூடி) கண்ணாடிச் சாடிக்கு மாற்றுங்கள். 11, 12 சதவீதம் வரும்.

போத்தலில் அடைக்க அவசரப்படவே வேண்டாம். நீரில் சீனி எவ்வளவு என்று மிதந்து காட்டுகிற அடர்த்திமானி ஒரு வாரம் ஒரே அளவைக் காட்ட வேண்டும். சீனி மிச்சமிருக்கும்போது அடைத்தால் போத்தல் வெடிக்கும். என் நிலவறையில் ஒன்று வெடித்து, கண்ணாடித் துண்டு கதவுப் பலகையில் குத்தி நின்றது. பிள்ளைகள் உள்ளே இல்லாதது கடவுள் புண்ணியம். அடைத்த பிறகு ஆறு மாதமாவது வையுங்கள்.

மொட்டு விரிந்தால் நீர் கலங்கிக் கசக்கும். அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

வேரடி:
மரத்தையும் நினையுங்கள். ஒரு மரத்துக்கு ஒரு துளை போதும், ஆழம் 4 சென்ரிமீற்றர். அடிமரம் ஒரு சாண் குறுக்களவாவது இருக்க வேண்டும், சின்ன மரத்தில் கை வைக்காதீர்கள். அடுத்த வருடம் அந்த மரத்தை விட்டுவிட்டு வேறொன்றில் எடுங்கள். வளவுக்கு வெளியே என்றால் காணிக்காரரிடம் கேட்காமல் துளையிடக் கூடாது. பேர்ச் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைக் குடிக்காமல் இருப்பது நல்லது. அப்புறம், வைன் வீட்டுப் பாவனைக்குப் போடலாம், ஆனால் அதைக் காய்ச்சி வடிப்பது நோர்வேயில் குற்றம்.

வடலி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மொட்டு இன்னும் விரியவில்லை என்பதால் இரண்டு நாளில் 4.5 லீற்றர் சேர்த்து, முதல்நாள் நீரைக் குளிர்பெட்டியில் வைத்து, பின்லாந்து அண்ணை சொன்ன அளவிலேயே போட்டேன். சீனி போடுமுன் அடர்த்திமானியில் 1.004 காட்டியது, போட்ட பின் 1.078. இன்றைக்கு ஐந்தாம் நாள், சாடிக்கு மாற்றியாயிற்று.

முட்டியை இறக்கியதும் அப்பா முதலில் காதோடு வைத்துக் கேட்பார். இரவு நானும் சாடியில் காதை வைத்தேன். மெல்லிய இரைச்சல், அதே இரைச்சல்தான். மகளைக் கூப்பிட்டு அவளையும் கேட்க வைத்தேன்.