கேம் மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்த அனுபவம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் எழுதுங்கள்

பென்னாகரம் ரோடு, தர்மபுரி

மூணு வாரமாக மனசிலேயே கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன். பையனுடைய ஸ்விட்ச் லைட், நின்டெண்டோ கம்பெனியின் கையில் வைத்து ஆடுகிற கேம் மெஷின். இடது ஸ்டிக் தானாக இழுக்க ஆரம்பித்துவிட்டது. விரலே வைக்காமல் கேமில் இருக்கிற ஆள் பாட்டுக்கு இடதுபக்கம் நடந்துகொண்டே இருப்பான், உங்களுக்குத் தெரியும். பெரிய ஸ்விட்சாக இருந்தால் பக்கத்துக் கன்ட்ரோலரை மட்டும் கழற்றிக் கொடுத்துவிடலாம். லைட்டில் ஸ்டிக் உடம்போடு சேர்ந்தது, மொத்தமாகத் திறக்கணும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடை. "தொறந்து பாத்துடலாம் சார், இதுவும் போன் மாதிரிதான்" என்றார். பின்பக்கம் மூலைக்கு ஒன்றாக நாலு ஸ்க்ரூ. பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை, மூணு கால் வைத்த தலை. அதற்கான முனை அவரிடம் இல்லை. சின்ன மைனஸ் டிரைவரை வைத்து அழுத்தித் திருப்பினார். முதல் ஸ்க்ரூ வந்துவிட்டது. இரண்டாவதில் டிரைவர் வழுக்கி ஒரு சத்தம் வந்தது, சோற்றில் கல்லைக் கடித்தால் வருமே, அந்த மாதிரி. வெள்ளித் தூள் தெறித்து மேசைக் கண்ணாடி மேல் விழுந்தது. பையன் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். பத்து வயசாகிறது, இப்போதெல்லாம் ரோட்டில்கூடக் கையைக் கொடுக்க மாட்டான். அவர் இன்னும் மூணு தடவை திருப்பினார். மூணு தடவையும் அதே சத்தம். போதும் நிறுத்துங்க என்று நான் சொல்லவில்லை.

ஸ்க்ரூ மொட்டையாகிவிட்டது. அவர் காசு வாங்கவில்லை. பையன் வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. மெஷின் பீரோவில் இருக்கிறது.

ஓசூர், சிப்காட் பக்கம்

கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை சார், கொண்டுபோன இடம்தான் தப்பு. இது போன் ரிப்பேர் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான்.

என்னுடையது பெரிய ஸ்விட்ச். டிவியில் போட்டு ஆடுவதற்கு மெஷினை டிவியோடு இணைக்கிற டாக் ஒன்றை மலிவாக வாங்கி மாட்டினேன். மறுநாள் காலையில் சார்ஜ் ஏறவில்லை. எஸ்.பி. ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள், ஒரே ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஹாட் ஏர் மெஷின். போர்டை வைத்து இரண்டு நிமிடம் பார்த்தார், அப்புறம் எழுந்து அவர் ஸ்டூலை எனக்குக் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். எம்92டி36 என்று ஒரு சிப். டைப்-சி வழியாக எவ்வளவு வோல்ட் வரணும் என்று சார்ஜரோடு பேசி முடிவு பண்ணுவது அதுதான். அதன் மேல் மிளகை நசுக்கி வைத்த மாதிரி ஒரு கருப்புப் பொத்தல். அறுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நான் செய்த வேலையைப் பெரிதாக்கிக் காட்டினார். திட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிப்பை மாற்றிக் கொடுத்தார், இன்றைக்கும் ஓடுகிறது. நம் ஊரில் எந்தக் கடையிலும் என்னை உட்கார வைத்துக் காட்டியதில்லை.

பாலக்கோடு

எங்கள் வீட்டில் இருந்தது பிரிக் கேம், மேலிருந்து விழுகிற கட்டைகளை அடுக்குகிற சின்ன மெஷின். இரண்டு பென்சில் பேட்டரி போட்டு ஆடுவது. 1998 என்று நினைவு, நான் ஆறாவது. லீவுக்கு மாமா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி வழிந்து ஸ்பிரிங் பச்சையாகிக் கிடந்தது.

அப்பா ரேடியோ மெக்கானிக். எலுமிச்சம்பழம் தேய்த்து ஸ்பிரிங்கைச் சுத்தம் பண்ணினார், கம்பியை மாற்றிப் பற்றவைத்தார். ஆன் ஆனது, மியூசிக் வந்தது. ஆனால் ஸ்க்ரீனில் ஒரு வரி தெரியவில்லை. மொத்தமே பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம். அதில் இடமிருந்து நாலாவது வரிசை மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது. கட்டை அங்கே போனால் காணாமல் போய்விடும். நான் அதைக் கட்டில் மேல் வீசிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே முழுசா செய்யத் தெரியாதா" என்று கேட்டேன். பதினொரு வயசுப் பெண் அப்பாவிடம் கேட்கிற கேள்வியா அது.

அவர் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. திண்ணையில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு திரும்பப் பிரித்தார். கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் பென்சில் ரப்பர் மாதிரி ஒரு நீளப் பட்டை இருக்கும். கருப்பு ஒரு கோடு, வெள்ளை ஒரு கோடு என்று மயிரிழை மயிரிழையாக அடுக்கியிருக்கும். கருப்பு கரண்டைக் கடத்தும், வெள்ளை கடத்தாது. கம்பியே இல்லாமல் அந்தப் பட்டை அழுந்தி நிற்பதால்தான் படம் தெரிகிறது. அப்பா அதை வேட்டி முனையால் துடைத்தார். சிகரெட் அட்டையைக் கிழித்து மடித்துப் பின்னால் முட்டுக் கொடுத்தார். மூடினார், நாலாவது வரிசை பாதி வந்தது. திரும்பப் பிரித்தார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, தூங்கிப் போய்விட்டேன். காலையில் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. இருபது கட்டமும் தெரிந்தது.

அப்பா போய் ஒன்பது வருஷம். அந்தக் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

காவேரிப்பட்டணம்

என்னுடையது பிஎஸ்பி, சோனியின் கையடக்கக் கேம் மெஷின்; ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது பேன்ட் பாக்கெட்டோடு நனைந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆசையில் ஆன் பண்ணிப் பார்த்தேன். ஒரு நொடி அந்தப் பச்சை லைட் எரிந்தது, அணைந்தது. அவ்வளவுதான். ஆன் பண்ணாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் எல்லாருக்கும் சேர்த்துச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

நனைந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அரிசி டப்பாவில் போடாதீர்கள். அரிசி உள்ளே இருக்கிற தண்ணீரை இழுக்காது, மாவுதான் உள்ளே போகும். கெடுப்பது தண்ணீர் மட்டும் இல்லை, அதில் கரைந்திருக்கிற உப்பும் அதோடு ஓடுகிற கரண்டும்தான். பிரித்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய பிரஷ்ஷில் தொட்டுத் துடைக்கணும். கையைத் துடைக்கிற சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் பசையும் இருக்கும்.

அப்புறம், சகோதரி எழுதிய எலுமிச்சை. ஆல்கலைன் பேட்டரியில் வழிவது காரம், அதற்கு எலுமிச்சையோ வினிகரோ சரி. அந்தக் காலத்தில் நாம் போட்டதெல்லாம் பெரும்பாலும் சாதா துத்தநாக பேட்டரி, அதில் வழிவது அமிலப் பக்கம். அதற்கு ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவணும். இரண்டுக்கும் எலுமிச்சை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கேமை மெமரி கார்டில் வைக்கலாம், ஆனால் எதுவரை ஆடினீர்கள் என்கிற பதிவு, அதாவது சேவ், அந்தக் கார்டில் இருக்காது, மெஷினுக்குள்ளேதான் இருக்கும். கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டோமே என்று நம்பி ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். ஆன்லைன் சந்தா இருந்தால் கிளவுடில் ஏற்றிவிட்டுக் கொடுங்கள், எல்லா கேமுக்கும் அந்த வசதி இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ நெம்பவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது. ஸ்டிக் மாற்றுவதாக இருந்தால் காந்தத்தில் வேலை செய்கிற ஹால் ஸ்டிக்காகக் கேட்டு வாங்குங்கள். பழைய வகையில் கார்பன் பூசிய தடத்தின் மேல் ஒரு தகடு உரசிக்கொண்டே இருக்கும், தேயத்தான் செய்யும். காந்த வகையில் உரசலே இல்லை.

பாலக்கோடு

அண்ணா, அப்பா செய்தது சரியா தப்பா என்று பார்க்க நான் எழுதவில்லை. அந்தக் கேம் 2005 வரை ஓடியது.

அரூர்

பெங்களூருக்குப் போகலாமே என்று ஓசூரிலிருந்து சொல்வது எளிது. அரூரிலிருந்து போய்வர ஒரு முழு நாள், ஒரு நாள் கூலி. பார்ட்ஸ் இல்லை என்று சொன்னால் இரண்டாவது தடவையும் போகணும். உள்ளூர்க் கடையில் கொடுப்பது விவரம் தெரியாமல் இல்லை, அதுதான் முடிகிறது.

எனக்கு நடந்ததில் யார் மேலும் தப்பில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். அண்ணனுடைய கேம் பாய் கலர் என்கிற பழைய கையடக்கக் கேம் மெஷின், அதில் போடுகிற போக்கிமான் கோல்ட் கேம் கேசட். சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது. அண்ணன் பைக் விபத்தில் போனபிறகு பெட்டியிலேயே இருந்தது. எப்போதாவது எடுத்து ஆன் பண்ணுவேன், கன்டினியூ என்று வரும், அழுத்தினால் அவன் பெயர், அவன் ஆடிய மணிக்கணக்கு, கடைசியாக அவன் நிறுத்திய இடம் எல்லாம் இருக்கும். பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். ஆட மாட்டேன்.

ஒரு நாள் கேசட்டை லேசாக ஆட்டியபோது உள்ளே ஏதோ கலகலவென்றது. வாட்ச் கடைக்கு எடுத்துப் போனேன். பெரியவர் திறந்து பார்த்து, "உள்ள பட்டன் செல் இருக்கு தம்பி, ஒரு கால் லூஸாயிடுச்சு, எப்ப வேணா விழுந்துடும், புதுசு போட்டுடறேன்" என்றார். சரி என்றேன். பழைய செல்லைக் கழற்றினார், புதுசைப் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தார். அவ்வளவு சுத்தமான வேலை. முப்பது ரூபாய்தான் வாங்கினார்.

வீட்டில் போட்டால் நியூ கேம் மட்டும் வந்தது.

அந்த மாதிரி கேசட்டில் சேவ் ஆனதைத் தாங்கிக்கொண்டு இருப்பதே அந்தச் செல்தான். கரண்ட் ஒரு நொடி போனாலும் எல்லாம் அழியும். வேறொரு கரண்டை ஒட்டுக்கொடுத்துக்கொண்டே மாற்றணும், இல்லையென்றால் முன்னாலேயே ஒரு கருவியில் சேவ் ஆனதை நகல் எடுத்து வைக்கணும். பெரியவருக்கு அது எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. இன்றைக்கும் அந்தக் கடை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். "கேம் ஓடுதா தம்பி" என்று கேட்பார். ஓடுது ஐயா என்று சொல்லிவிடுவேன்.

கிருஷ்ணகிரி, மொபைல் சர்வீஸ்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு போன் வரும். டிஸ்பிளே, சார்ஜிங் பின், பேட்டரி, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கேம் மெஷின் வந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். உள்ளே ரிப்பன் கேபிள் காகிதம் மாதிரி இருக்கும், கிழிந்தால் பார்ட்ஸ் ஆன்லைனில்தான், வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தினமும் ஆள் வந்து நிற்பார். அதனால் பார்த்ததுமே "பார்ட்ஸ் கிடைக்காது" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

போன மாங்காய் சீசனில் ஒரு பையன் வந்தான், பதிமூணு பதினாலு வயசு இருக்கும். கையில் மாங்காய்ப் பால் பட்ட தழும்பு, தோப்பில் வேலைக்குப் போயிருப்பான் போல. கர்சீஃப்பில் சுற்றி ஒரு பிஎஸ்பி கொண்டுவந்தான். கர்சீஃப்பை முடிச்சு அவிழ்த்து, நாலு மூலையையும் மேசை மேல் ஒழுங்காக விரித்து, நடுவில் வைத்தான். பழசு வாங்கியிருக்கான். பின்மூடி சரியாக மூடவில்லை, தூக்கிக்கொண்டு நின்றது. நான் கையில்கூட எடுக்கவில்லை. இன்னொருத்தர் போனைப் பார்த்துக்கொண்டே "அது பழைய மாடல்ப்பா, பார்ட்ஸ் கிடைக்காது" என்றேன். "சரிங்கண்ணா" என்று மறுபடி அந்த நாலு மூலையையும் மடித்தான். கடையில் கூட்டம், அவன் பொறுமையாக மடித்ததும் முடிச்சுப் போட்டதும்தான் எனக்கு நிற்கிறது.

இரவு கடையை மூடும்போதுதான் உறைத்தது. பின்மூடி தூக்கி நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. பிஎஸ்பியில் பேட்டரி நகத்தால் கழற்றுகிற மாதிரிதான் இருக்கும், ஸ்க்ரூகூடக் கிடையாது. வேறு பேட்டரி வாங்கிப் போட்டால் நல்லாவே ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதற்குப் பிறகு ஒரு பேட்டரி வரவழைத்து டிராயரில் வைத்திருக்கிறேன். பையன் திரும்ப வரவில்லை.

முதலில் எழுதிய தர்மபுரி சாருக்கு: மூணு கால் டிரைவர் இப்போது வைத்திருக்கிறேன். மொட்டையான ஸ்க்ரூவுக்கு முதலில் தலை மேல் ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்பிப் பார்ப்பேன், பாதிக்குப் பாதி வந்துவிடும். வராவிட்டால் தலையை மட்டும் மெதுவாகத் துளைத்து எடுக்கணும், பாடியில் தழும்பு விழாமல் செய்யலாம். ஹால் ஸ்டிக் லைட்டுக்கும் வருகிறது, சொன்னால் வரவழைக்கிறேன். அவசரம் இல்லாத நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

ஓசூர், சிப்காட் பக்கம்

அரூர் தம்பி, நான் தூரத்தைப் பற்றி யோசிக்காமல் எழுதிவிட்டேன். உங்கள் அண்ணன் விஷயம் படித்தபிறகு என் சிப் கதை எனக்கே பெரிதாகப் படவில்லை.

பென்னாகரம் ரோடு, தர்மபுரி

ஸ்டிக் வரவழையுங்கள், இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு வருகிறோம். பையனிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ரப்பர் பேண்ட் வைத்துத் திருப்பும்போது பக்கத்தில் நின்று பார்க்க விடுவாரா என்று கேட்கிறான்.

கிருஷ்ணகிரி, மொபைல் சர்வீஸ்

அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன் சார். முதல் திருப்பு அவனே திருப்பட்டும்.