சோலைவரித் துண்டில் உள்ள தொகையும் வீட்டின் விலையும்: உங்கள் அனுபவம் என்ன?

அப்பாவின் ஆண்டுத்திவசம் முடிந்த கையோடு வீட்டுப் பேச்சு வந்தது. திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் 18 பேர்ச் காணி, பழைய ஓட்டு வீடு. நாங்கள் மூன்று பேர். அண்ணா கனடாவில், தங்கச்சி கலியாணம் கட்டி மட்டக்களப்பில், நான் இங்கேயே. வீட்டை நான் வைத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பங்குக் காசு கொடுப்பதாக முடிவு. என்ன விலைக்கு என்பதில்தான் சிக்கல்.

பெரியப்பா அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து சோலைவரித் துண்டை, அதாவது வீட்டுக்காக உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வரியின் துண்டை, எடுத்தார். ஆண்டுப் பெறுமதி 36,000 ரூபா. "அரசாங்கமே போட்ட கணக்கு. இருபதால் பெருக்கு, அதுதான் வீட்டு விலை" என்றார். 7 இலட்சத்து 20 ஆயிரம் வந்தது. தொலைபேசியின் மறுமுனையில் அண்ணா பேசவேயில்லை. தங்கச்சி அழுதுவிட்டாள். நான்தான் பெரியப்பாவைப் பிடித்து இப்படிச் சொல்ல வைத்தேன் என்று நினைத்திருக்கிறாள். அந்த ஒரு கிழமையும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியப்பாவில் பிழை இல்லை, துண்டில் உள்ள சொல்தான் அவரை ஏமாற்றியது. பெறுமதி என்று எழுதியிருந்தால் யாரும் விலை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது வாடகைக் கணக்கு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் சபை தீர்மானிக்கும் வீதத்தை வரியாக எடுக்கிறார்கள். எங்களுக்கு 8 வீதம். வருடத்துக்கு 2,880 ரூபா, காலாண்டுக்கு 720. ஜனவரி 31க்கு முன் முழுவதையும் கட்டினால் 10 வீதக் கழிவு. அப்பா ஒரு வருடமும் அதைத் தவற விட்டதில்லை.

அந்த வாடகைக் கணக்கும் பழையது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திருத்த வேண்டியது, எங்கள் தெருவில் பல வருடமாக யாரும் வரவில்லை. பதிவில் எங்கள் முன்விறாந்தை இன்னும் கிடுகு வேய்ந்ததாகவே இருக்கிறது. அப்பா அதற்கு ஓடு போட்டது சுனாமிக்கு அடுத்த வருடம்.

கடைசியில் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். அவர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்ததும் வீட்டுக்குள் வரவில்லை, முதலில் ஒழுங்கையின் அகலத்தை அளந்தார். "லொறி வருமா?" என்று கேட்டார். நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மூலைக் கல்லையும் தேடினார். ஒரு கல் வேலிக்குக் கீழே புதைந்து கிடந்தது, அலவாங்கால் கிண்டித்தான் எடுத்தோம். பிறகு சுவரின் அடிப்பக்கம் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். பொத்தென்று சத்தம் கேட்ட இடத்தில் நகத்தால் சுரண்ட, சாந்து உப்புப் பூத்து மாவாகக் கொட்டியது. அப்பா வருடா வருடம் சுண்ணாம்பு பூசி மறைத்த இடம் அது. எனக்குத் தொண்டை அடைத்துப் போனது.

அவர் எழுதியது இதுதான்: பேர்ச் 6 இலட்சப்படி காணிக்கு 1 கோடி 8 இலட்சம், கட்டடத்துக்கு 12 இலட்சம். மொத்தம் 1 கோடி 20 இலட்சம். பக்கத்தில் அண்மையில் கைமாறிய காணிகளின் விலையை வைத்துத்தான் பேர்ச் விலையைப் போட்டதாகச் சொன்னார். சோலைவரித் துண்டைக் கொடுத்தேன். வரி இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்.

உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள். பங்கு பிரிக்கும் வீடுகளுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது.

*அலஸ்தோட்டத்தில் இருந்து ஒரு அக்கா:*

தம்பி, எனக்கு மறுவளமாக நடந்தது. மேல்மாடி கட்டி இரண்டு அறையை நிலாவெளிக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு விட்டேன். அடுத்த மீள்மதிப்பீட்டில் ஆண்டுப் பெறுமதி மூன்று மடங்காகி அறிவித்தல் வந்தது. காணி விலை விழுந்து கிடக்கிற நேரத்தில் வரி ஏறுவதா என்று கோபத்தில் கடிதம் எழுதத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, காணி விலையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். வாடகையைப் பற்றி எழுது" என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைக் காப்பாற்றியது.

பக்கத்தில் இதே அளவு வீடுகள் மூன்றின் வாடகை ஒப்பந்தப் பிரதிகளைக் கேட்டு வாங்கினேன். அறைகள் பூட்டிக் கிடக்கும் மாதங்களையும் எழுதினேன். நவம்பரில் மழையும் கடல் கொந்தளிப்பும் தொடங்கினால் எங்கள் பக்கம் யார் வருகிறார்கள்? பார்க்க வந்தவர்களோடு நானும் நாடாவைப் பிடித்தேன். அடுத்த வளவுக் கடையின் பின்சாய்ப்பும் என் கணக்கில் சேர்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. குறைத்துத் தந்தார்கள். அறிவித்தலில் ஆட்சேபணைக்கு ஒரு கடைசித் திகதி இருக்கும். அதைத் தாண்டினால் பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் கஷ்டம்.

*பாலையூற்று வாசகர்:*

எங்களது ஒப்பக் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. இருபது வருடப் பற்றுச்சீட்டும் என் பெயரில் ஒழுங்காக இருக்கிறது. அது போதும் என்று நம்பித்தான் மகளின் சீதனத்துக்கு வீட்டைப் பேசினேன். வரி கட்டுவதால் காணி உறுதிப் பத்திரம் வந்துவிடாது என்று நொத்தாரிசு சொன்னபோதுதான் விளங்கியது. கைமாற்றப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். எங்கள் ஒழுங்கையிலேயே முழு உரிமை தரும் அறுதி உறுதி உள்ள வீட்டுக்குக் கேட்கிற விலையில் பாதிக்கும் எங்கள் வீட்டுக்கு ஆள் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் சோலைவரி ஒன்றுதான்.

*மீண்டும் திருக்கடலூர்:*

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. வாடகையைப் பற்றி எழுது என்ற சொல்லை நானும் குறித்து வைத்திருக்கிறேன். விறாந்தை விஷயத்தை நானே சபையில் போய்ச் சொல்லப் போகிறேன். வரி கொஞ்சம் ஏறும், ஏறட்டும். அந்தக் காசில்தான் எங்கள் ஒழுங்கைக் குப்பையும் வாய்க்காலும் பார்க்கிறார்கள்.

உறுதி எழுதும்போது நொத்தாரிசு இன்னொரு கணக்குச் சொன்னார். முத்திரைத் தீர்வைக்கும் சோலைவரித் தொகை உதவாது, சந்தைப் பெறுமதிதான். முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். இரண்டு பங்குக்குமாக 80 இலட்சம், தீர்வை 3 இலட்சத்து 19 ஆயிரம். குறைத்து எழுதலாம் என்று இரண்டொருவர் ஆலோசனை சொன்னார்கள், நான் விரும்பவில்லை. தங்கச்சியின் பங்கு 40 இலட்சம் என்றால் உறுதியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை அவள் வந்து கையெழுத்து வைத்தாள். மதிப்பீட்டு அறிக்கையைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒழுங்கையின் அகலத்தையும் அளந்தாரா?" என்று கேட்டார். இரவு தங்கச்சி இங்கேதான் தங்கினாள், அப்பாவின் விறாந்தையில் பாய் போட்டுக்கொண்டு.