புதுப்பிப்பு: டொராண்டோவா, மொன்றியலா? எங்கள் முடிவு

மூன்று வயது மகளுடன் குடியேற டொராண்டோ, மொன்றியல் ஆகிய இரண்டில் எது ஏற்றது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மொன்றியலைத் தேர்ந்தெடுத்து, ரோஸ்மோன் பகுதியில் வாடகைக்குக் குடிவந்துவிட்டோம்.

முடிவைத் தீர்மானித்தது வாடகைதான். டொராண்டோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முறையாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு ஆண்டு வாடகை உயர்வின் உச்சவரம்பு பொருந்தாது என்பதால், டொராண்டோவில் நாங்கள் பார்த்த புதிய அடுக்குமாடி வீடுகளின் வருங்கால வாடகையைக் கணிக்கவே இயலவில்லை. மொன்றியல் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்திலோ, வாடகை உயர்வை மறுத்துவிட்டும் வாடகையாளர் அதே வீட்டில் தொடரலாம். உயர்வு வேண்டுமானால் வாடகைத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டியவர் உரிமையாளரே. புதிதாகக் கட்டப்பட்ட சில கட்டடங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் இந்த விலக்கைக் குறிப்பிடும் 'எஃப்' பிரிவைப் படிக்காமல் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.

கியூபெக்கின் 1977-ஆம் ஆண்டு மொழிச் சட்டப்படி மகள் பிரெஞ்சு வழிப் பள்ளிக்கே செல்வாள். அதை மனமுவந்து ஏற்கிறோம். எனக்குத்தான் பிரெஞ்சு இல்லாமல் வேலை தேடுவது கடினமாக இருக்கிறது, மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள தமிழ்க் கடைகளையும் உறவினர்களையும் விட்டு வந்தது உண்மையான இழப்பு. மானியக் குழந்தைக் காப்பகத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. வர எண்ணுவோர் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.