அம்பில (அம்ப்ளிஃபயர்ல) விடாம இரையுது, டிவி வயரைப் பூட்டினாத்தான். எர்த் பிரச்சினையோ?

உப்புவெளிப் பொடியன்:
வணக்கம் அண்ணாக்கள், டிவியில இருந்து ஆர்சிஏ வயரால (சிவப்பு வெள்ளை ஓடியோ வயர்) பழைய மூண்டு பின் அம்புக்குக் குடுத்திருக்கன், ஸ்பீக்கர்ல "ம்ம்ம்" எண்டு ஒரே இரைச்சல், வொலியூம் கூட்டக் கூட்ட அதுவும் கூடுது, அந்த வயரைக் கழட்டினா நிண்டிடுது. அம்மா பின்னேரத்தில பக்திப் பாட்டுக் கேக்கிறவ, அந்த இரைச்சலோட கேக்கேலாது எண்டுறா. பிளக்கில எர்த் பின்னை வெட்டினா சரியாகும் எண்டு ஒருத்தர் சொல்லுறார், வெட்டலாமோ?

பழைய ரிப்பேர்காரன்:
தம்பி தயவுசெய்து வெட்டாதீங்கோ!! உள்ளுக்க லைன் வயர் இளகி பெட்டியில தொட்டா 230 வோல்ட்டும் பெட்டியிலதான் நிக்கும், எர்த் இருந்தாத்தான் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிஞ்சா தானா ஓஃப் ஆகிறது) உடன விழும், இல்லாட்டி அம்மா தொடுறவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியவராது.
அம்புக்குள்ள கரண்டைச் சீராக்கிற ஃபில்டர் கப்பாசிட்டர் போயிருந்தா வொலியூம் சைபர்லயும் இரையும், உங்கட அப்பிடியில்ல. கூரையில டிஷ் இருக்கோ? அதின்ர வயரை டெக்கோடர்ல இருந்து கழட்டிப்போட்டுக் கேட்டுப் பாருங்கோ.

உப்புவெளிப் பொடியன்:
ஓம் அண்ணை, கழட்டினவுடன சுத்தமா நிண்டிட்டுது! டிஷ்ஷுக்கு வெளியால தனியா ஒரு கம்பி அடிச்சிருக்கு.

பழைய ரிப்பேர்காரன்:
அதுதான் விஷயம். வீட்டு எர்த் கம்பி ஒண்டு, டிஷ் கம்பி இன்னொண்டு, ரெண்டுக்கும் இடையில சின்ன வோல்ட் வித்தியாசம் இருக்கும், அது டிஷ் வயர், டெக்கோடர், டிவி, ஆர்சிஏ ஷீல்ட் (வயருக்குள்ள சுத்தியிருக்கிற கம்பி வலை) எண்டு சுத்தி அம்புக்க வருது. 50 ஹேர்ட்ஸ் கரண்டின்ர சத்தம்தான் நீங்க கேக்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு டிஷ் எர்த்தை வீட்டு மெயின் எர்த்தோட சேர்த்துக் கட்டச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் கொஞ்சம் இரைஞ்சா ஆர்சிஏ வயருக்கு நடுவில ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோமர் (சத்தத்தை மட்டும் விட்டு ரெண்டு பக்க எர்த்தையும் பிரிக்கிறது) போடுங்கோ, ஆக மலிவானது பேஸை (அடித் தடிச்ச சத்தத்தை) திண்டுடும். டிஷ் வயர்ல சாதாரண ஐசொலேற்றர் போடவேண்டாம், டிஷ்ஷுக்கு முன்னால இருக்கிற எல்என்பிக்குப் (சிக்னல் பிடிக்கிற தலை) போற 13, 18 வோல்ட்டை அது மறிச்சிடும், படம் வராது.

நிலாவெளி வயரிங்:
நான் ஒண்டு சொல்லுறன், எங்கட கரை மணல்ல வெயில் காலத்தில கம்பியைச் சுத்திக் காஞ்சு எர்த் ரெசிஸ்டன்ஸ் (கரண்ட் மண்ணுக்க போறதுக்கு இருக்கிற தடை) ஏறிடும், உப்புக் காத்துக்கு கிளாம்பும் கறள் பிடிக்கும். ட்ரிப் சுவிட்சில டெஸ்ட் பட்டனை அமத்தி விழுந்தா எர்த் நல்லம் எண்டு கனபேர் நினைக்கினம், அந்தப் பட்டன் சுவிட்சை மட்டும்தான் பாக்கும், கம்பியைப் பாக்காது. எர்த் டெஸ்டர் உள்ள ஆளாப் பிடியுங்கோ.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி அண்ணாக்கள், பின்னை வெட்டேல்ல. நாளைக்கு ஆள் வாறார், கம்பியையும் அளக்கச் சொல்லுறன். அதுவரைக்கும் பாட்டுக் கேக்கேக்க டிஷ் வயரைக் கழட்டி வைக்கிறன், பாட்டு பென்டிரைவ்லதானே.