ஒன்பது நாளுக்கு ஒருமுறை எரிந்த செக் என்ஜின் லைட்

வண்டியை வாங்கிய பதினோராவது நாள் செக் என்ஜின் லைட் முதல் தடவை எரிந்தது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், எனக்கு முன் மூன்று பேர் ஓட்டியது. வாங்கும்முன் ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவது கியரில் முதுகு சீட்டோடு ஒட்டியதில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பானெட்டுக்குள் இருந்த கோன் ஏர் ஃபில்டரும், டர்போவின் மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விட யாரோ கூடுதலாக மாட்டிய புளோ ஆஃப் வால்வும் எனக்கு அன்றைக்குச் சந்தேகத்தைத் தரவில்லை. இலவச இணைப்பாகத்தான் தெரிந்தன.

லைட் எரிந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, அது காட்டிய கோளாறு எண்ணை (கோடு என்பார்கள்) படித்து, கையோடு அழித்தேன். பி0171. அதாவது கலவை மெலிந்துவிட்டது, பெட்ரோலுக்குக் காற்று அதிகம். லைட் மறுபடி எரிந்தது.

முதல் ஒர்க்‌ஷாப்பில் "ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது அது. மாற்றினோம், கோடை அழித்தோம், லைட் போனது. ஒன்பதாவது நாள் மறுபடி அதே கோடு. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தார்கள். கோன் ஃபில்டருக்குப் போடும் எண்ணெய் அளவுக்கு மீறினால் அந்தச் சென்சாரில் போய்ப் படியும் என்பது கேள்விப்பட்ட விஷயம்தான், அதனால் நம்பினேன். அழித்தோம். எட்டு நாள். அதற்குப் பிறகு இன்னோர் இடத்தில் பெட்ரோல் ஃபில்டர். மறுபடி ஒன்பது நாள்.

ஒவ்வொரு வேலையும் ஒரு வாரத்துக்குப் பலித்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. உண்மையில் அந்த எட்டு ஒன்பது நாள் இடைவெளிக்குக் காரணம் நான்தான், மாற்றிய பொருள்கள் இல்லை. இது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தம்தான் ஃபியூவல் ட்ரிம். நொடிக்கு நொடி மாறுவது ஷார்ட் டெர்ம், பழகிப் பழகி மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது லாங் டெர்ம். எங்கோ காற்று கசிந்து உள்ளே வந்தால் லாங் டெர்ம் மெல்ல மெல்ல ஏறும். ஓர் எல்லையைத் தாண்டும்போது கோடு பதிவாகும். அப்போதுகூட லைட் உடனே எரியாது. பெரும்பாலான கோடுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தெரிந்தால்தான் எரியும். இப்போது நான் ஸ்கேனரில் அழித்ததை நினைத்துப் பாருங்கள். என் வண்டியில் கோடோடு சேர்ந்து அந்த மனப்பாடமும் அழிந்து பூஜ்யத்துக்குப் போனது. அது மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். என் வண்டியின் குறை நின்றபடி ஓடும்போதுதான் பெரிதாகத் தெரியும், ஏன் என்று பின்னால் வருகிறது. நான் நெரிசலில் ஓட்டுவது வாரத்தில் ஓரிரு நாள், மற்றதெல்லாம் விரைவுச் சாலை. ஆகவே எட்டு ஒன்பது நாள். சென்சாரை மாற்றாமல் வெறுமனே அழித்திருந்தாலும் அதே ஒன்பது நாள் கிடைத்திருக்கும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல்: கோடு பதிவான நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதை கம்ப்யூட்டர் ஒரு படம்போலப் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அதையும் சேர்த்துத்தான் நான் நான்கு தடவை அழித்திருக்கிறேன். திருடன் விட்டுப்போன கைரேகையை நானே துடைத்தது மாதிரி.

ஐந்தாவது தடவை எரிந்தபோது அழிக்கவில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்து ஒரு நோட்டில் எழுதினேன். ஆர்பிஎம் 760, வேகம் 0, கூலன்ட் 94 டிகிரி, லாங் டெர்ம் ட்ரிம் கூட்டல் 21 சதவீதம். அதாவது வண்டி சூடாக, நின்றபடி, ஆக்சிலேட்டரை மிதிக்காத ஐடிலில். ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பார்த்தேன். மொத்தத் திருத்தம் கூட்டல் 5-க்கு இறங்கியது. பெட்ரோல் பம்ப்போ ஏர்ஃப்ளோ சென்சாரோ கோளாறு என்றால் பொதுவாக வேகம் கூடக்கூட ட்ரிம் ஏறும். ஐடிலில் அதிகம், ரேஸ் பண்ணினால் குறைவு என்றால் வேக்கம் லீக், அதாவது அளக்காத காற்று எங்கோ கசிந்து உள்ளே வருகிறது. ஐடிலில்தான் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய், பலமாக உறிஞ்சும். உள்ளே போகும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்னக் கசிவுகூடப் பெரிய பங்காகத் தெரியும். இந்த ஒரு சோதனைக்குக் கருவி என்று தனியாக எதுவும் வேண்டாம், கையில் இருந்த ஸ்கேனரே போதும். மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் செய்யவில்லை.

அன்றைக்கே ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். திறக்கவே வரவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல. இழுத்து எடுத்ததும் புஸ் என்று சத்தம், என்ஜின் குலுங்கியது. என்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. டர்போ வண்டிகளில் இது அடிக்கடி நடப்பதுதான். மாற்றினேன்.

அப்புறம் என்ன, முடிந்தது என்று நினைத்தேன். இருபத்துநான்காவது நாள் மறுபடி எரிந்தது.

முன்பு இருந்த நானாக இருந்தால் அன்றைக்கு வண்டியை விற்றிருப்பேன். ஆனால் நோட்டில் எண்கள் இருந்தன. முன்பு 21-க்குப் போன ட்ரிம் இப்போது சாதாரணமாக 12-இல் நிற்கிறது, சூடான நாட்களில் மட்டும் மேலே போகிறது. ஆக, பாதி சரியாகியிருக்கிறது. இரண்டு ஓட்டைகள் இருந்திருக்கின்றன, ஒன்றைத்தான் அடைத்திருக்கிறேன்.

குழாய்களுக்குள் புகையை விட்டுக் கசிவு தேடும் ஸ்மோக் டெஸ்ட் ஏற்கெனவே ஒருமுறை செய்திருந்தோம், புகை எங்கும் வெளியே வரவில்லை. ஆனால் அன்று வண்டி இரவு முழுக்க ஒர்க்‌ஷாப்பில் நின்றது. சோதனை செய்தது காலையில், ஜில்லென்று இருந்த என்ஜினில். ஃப்ரீஸ் ஃப்ரேம் சொல்வதோ 94 டிகிரி. அரை மணி நேரம் ஓட்டி, பானெட்டை மூடியே பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு புகையை விடச் சொன்னேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் புளோ ஆஃப் வால்வுக்குப் போகும் வேக்கம் ஹோஸிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது. பழைய ஆள் மேனிஃபோல்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் டி-ஜாயின்ட் போட்டு அந்த ஹோஸைப் பிரித்திருந்தார். என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதன் கழுத்தில் மயிரிழை விரிசல். குளிரில் ஒட்டிக்கொள்கிறது, சூட்டில் வாய் திறக்கிறது. விரிசலின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய பசை இன்னும் இருந்தது. அதாவது பழைய ஆளுக்கு இது தெரியும்.

பித்தளை ஜாயின்ட் போட்டு ஏழு மாதமாகிறது.

* * *

மேலே எழுதியவர் கொடுத்து வைத்தவர், அவருடையது நிலையாக எரியும் லைட். எனக்கு எரிந்தது விட்டு விட்டு மின்னியது. வித்தியாசம் தெரியாதவர்களுக்காக: மின்னினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிகிறது, கன்வெர்ட்டர் உள்ளே உருகிவிடும் என்று அர்த்தம். நான் அது தெரியாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டினேன்.

கோடு பி0303, மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. சாதாரணமாக ஓட்டினால் ஒன்றுமில்லை. நாலாவது கியரில் முழுசாக மிதித்தால் மட்டும் உதறும். ஒர்க்‌ஷாப்பில் மூன்றாவது சிலிண்டரில் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் பொறி விடும் பிளக்கையும் ஒரே நேரத்தில் முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டார்கள். கோடு பி0301 ஆகிவிட்டது. சரி, இப்போது குற்றவாளி காயிலா பிளக்கா? யாருக்கும் தெரியாது. "ரெண்டையும் புதுசு போட்டுடுங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக நானே செய்தேன். காயிலை மட்டும் திரும்ப மூன்றுக்குக் கொண்டுவந்தேன். கோடு ஒன்றிலேயே நின்றது. ஆக, பிளக். கழற்றிப் பார்த்தால் புதுசு மாதிரி பளபளப்பு, பீங்கானில் விரிசல் இல்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டேன். மற்ற மூன்றிலும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர், இதில் 1.0. அவ்வளவுதான். வண்டியில் பழைய ஓனர் ரீமேப் செய்து, அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற அந்த இடைவெளியைப் பொறி தாண்டுவது கஷ்டம். மெதுவாகப் போகும்போது தாண்டிவிடும், மிதித்தால் அணைந்துவிடும். ரீமேப் செய்தவர் சொன்னபடி நான்கையும் 0.6-க்குக் குறைத்தேன். என் வண்டிக்குச் சொன்ன அளவு இது, உங்கள் வண்டிக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.

* * *

டி-ஜாயின்ட், பிளக் இடைவெளி எல்லாம் பார்த்தால் தெரியும். எனக்குக் கிடைத்தது பார்த்தாலும் தெரியாதது.

நான் உஷாராக ஸ்கேனர் கொண்டுபோய்த்தான் வண்டி பார்த்தேன். கோடு எதுவும் இல்லை. பச்சை எழுத்தில் "தவறு இல்லை" என்று வந்தது, கை குலுக்கிவிட்டேன். மூன்றாவது நாள் பி0420, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை.

அதே ஸ்கேனரில் இன்னும் இரண்டு இடத்தை நான் பார்த்திருக்க வேண்டும். ஒன்று, ரெடினஸ் மானிட்டர்கள். கம்ப்யூட்டர் தன் ஒவ்வொரு பாகத்தையும் தானே சோதித்து முடித்ததா என்று காட்டும். கோடை அழித்தால் இவற்றில் பெரும்பாலானவை "முடியவில்லை" என்று மாறிவிடும். முடிக்கச் சில நாள் ஓட்ட வேண்டும். கன்வெர்ட்டர் மானிட்டர் முடியாமல் கோடு இல்லை என்றால், பரீட்சையே எழுதாதவன் ஃபெயில் ஆகவில்லை என்பது போல. இரண்டு, "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு எண். பல வண்டிகளில் இருக்கும். விற்பவர் "ஒரு வருஷமா லைட்டே எரியல" என்று சத்தியம் செய்த வண்டியில், வாங்கிய பிறகு நான் ஓட்டியதைக் கழித்தால் அதில் 38 கிலோமீட்டர்தான் மிச்சம். நான் பார்த்தது வாங்கிய மறுவாரம்.

லிஃப்ட்டில் ஏற்றியபோது மெக்கானிக் டார்ச்சைக் காட்டிச் சிரித்தார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைத்து, கன்வெர்ட்டர் ஒழுங்காக இருப்பதுபோல் ஏமாற்ற வைப்பது. கன்வெர்ட்டரைத் தட்டினால் காலி டப்பா சத்தம், உள்ளே இருந்ததை இடித்து எடுத்திருக்கிறார்கள். நெடுந்தூரம் ஒரே வேகத்தில் போனால் மட்டும் அந்த ஏமாற்று பலிக்காமல் லைட் எரியும். இது பல நாடுகளில் சட்டப்படியும் தவறு. எனக்கு வேறு வழியில்லை, புதுக் கன்வெர்ட்டர்தான் போட வேண்டியிருந்தது.

* * *

முதலில் எழுதியவன்தான். நாலைந்து பேர் கேட்டதற்கு மொத்தமாகப் பதில்.

லைட் தானாக அணைந்தால் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. குறை தெரியாமல் மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து போனால் அதுவாகவே அணையும். கோடு உள்ளேயேதான் இருக்கும். பொதுவாக என்ஜின் 40 முறை சூடாகி ஆறிய பிறகுதான் அழியும். அதற்குள் படித்துவிடுங்கள்.

கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் திரவம்) ஸ்ப்ரே அடித்து லீக் தேடலாமா என்று கேட்டவருக்கு: நானும் அடித்தேன். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் சமாச்சாரம் என்று பிறகுதான் உறைத்தது. புகைதான் நல்லது.

நேற்று பார்த்தபோது லாங் டெர்ம் ட்ரிம் கூட்டல் 2. புளோ ஆஃப் வால்வைக் கழற்றிவிட்டேன். கோன் ஃபில்டர் இன்னும் இருக்கிறது, அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.